ஓமந்தைப் பொதுத் தரவு மையத்தின் நுழைவு அட்டை என் வீட்டு ஆணியில் தொங்கியமை பற்றி

அனுப்புபவர்:
திருமதி அருந்ததி குலவீரசிங்கம்,
பழைய களஞ்சிய ஒழுங்கை,
ஓமந்தை.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
பிராந்தியப் பொதுத் தரவுச் சேவைப் பணியகம்,
வவுனியா.

விடயம்: தரவு மையத்தின் வாசற் பாதுகாப்பிலுள்ள குறைபாடுகளும், அவற்றின் காரணமாகச் செல்வி யதுர்ஷிகா ஏரம்பு மீது சுமத்தப்பட்டுள்ள களவுக் குற்றச்சாட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மையத்துக்கு அடுத்த வளவில் வசிப்பவள் நான். எனது கணவர் காலஞ்சென்ற குலவீரசிங்கம் நில அளவையாளராகப் பணியாற்றியவர். பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளனர். நான் கற்றது கன்னியர் மடப் பாடசாலையில். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதவேண்டும், இரண்டையும் கலக்கக்கூடாது என்பது அங்கே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இம்மனுவில் அந்த ஒழுங்கைப் பேணியுள்ளேன். பிறர் கூறியவற்றை அவர்கள் பேசியவாறே தந்துள்ளேன். திருத்தி எழுதினால் அவை என்னுடைய சொற்களாகிவிடும்.

2. மையத்தில் கடமையாற்றிய செல்வி யதுர்ஷிகா சென்ற மாதம் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு, அவர் மீது பொலிஸிலும் முறையிடப்பட்டுள்ளது. ஒரு மருத்துவ நிலையத்தின் நோயாளர் விபரங்கள் அடங்கிய வன்தட்டு ஒன்று மையத்திலிருந்து காணாமற்போனமையே காரணம். அன்று கதவைத் திறந்தது அவருடைய அட்டை என்று கதவிலுள்ள இயந்திரம் பதிந்துள்ளது. அது உண்மை. ஆனால் அட்டையைக் கொண்டுசென்றவர் அவர் அல்லர். அந்த அட்டையை என் வீட்டு ஆணியிலிருந்து எடுத்து இன்னொருவருடைய கையில் கொடுத்தவள் நான். எஞ்சிய பந்திகள் யாவும் இதன் விளக்கமே.

3. மையம் இயங்கும் கட்டடம் முன்னர் நெற் களஞ்சியமாக இருந்தது. அதன் சுவர்களுக்கு வெள்ளையடித்து, உள்ளே குளிரூட்டிகள் பொருத்தி, பல நிறுவனங்கள் தத்தமது கணினிகளை ஒரே மண்டபத்தில் வைத்துப் பேணும் இடமாக மாற்றினார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் இரும்பு அலுமாரி. கூட்டுறவுச் சங்கங்கள், தனியார் கல்வி நிலையங்கள், மருத்துவ நிலையங்கள், வியாபார நிறுவனங்கள் என்று பலரும் அங்கே இடம் எடுத்துள்ளனர். திறப்பு விழாவுக்கு அயலவள் என்ற முறையில் என்னையும் அழைத்தனர். அன்று பேசியவர், இங்கே வைக்கப்படும் விபரங்கள் தாயின் மடியில் இருப்பதுபோல் இருக்கும் என்றார். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. பூட்டிய அலுமாரியில் இருப்பதுபோல் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

4. அட்டை என் வீட்டுக்கு வந்த விதம்: மையத்தின் மேற்பார்வையாளர் திரு. ஜெயந்தன் வேறு இடங்களையும் பார்ப்பவர் என்பதால் பெரும்பாலும் ஓமந்தையில் இருப்பதில்லை. நாளாந்தம் இருப்பவர்கள் செல்வி யதுர்ஷிகாவும் காவலாளி ஜனாப் ஜமால்தீனும். காவலாளிக்கு அட்டை வழங்கப்படவில்லை. யதுர்ஷிகாவின் தகப்பனார் ஏரம்பு சிறுநீரக நோயாளி. அவரைக் கிழமைதோறும் வவுனியாவுக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேறு ஆள் இல்லை. திரு. ஜெயந்தன் அதற்கு வாய்மொழியாக அனுமதி வழங்கினார். அது அவருடைய நல்ல மனம். அதை நான் குறைகூற வரவில்லை. ஆனால் யதுர்ஷிகா இல்லாத வேளையில் குளிரூட்டி திருத்துபவரோ மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் கொண்டுவருபவரோ வந்தால் கதவைத் திறப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, திரு. ஜெயந்தன் யதுர்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அன்ரி, இந்தக் காட் உங்கடை வீட்டிலை கிடந்தா பாங்கு லொக்கரிலை கிடக்கிற மாதிரி" என்றார்.

அயல் வீட்டாரின் பூட்டுத் திறப்பை வாங்கி வைப்பது எங்கள் பக்கத்தில் புதிய விடயம் அல்ல. வெளியூர் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவோம். வந்ததும் திருப்பிக் கொடுப்போம். நான் மறுக்கவில்லை. குசினி வாசலில் கலண்டர் தொங்கிய ஆணியில் அதையும் தொங்கவிட்டேன். அந்த அட்டை ஒரு வீட்டுத் திறப்பு அல்ல, பலருடைய வீடுகளின் திறப்பு என்பதை அன்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5. அதன் பின்னர் அட்டை கேட்டு வருபவர்கள் அதிகரித்தனர். யதுர்ஷிகா இருக்கும் நாட்களிலும் அட்டை என் வீட்டிலேயே இருந்தது. உள்ளே தொலைந்துவிடும், இங்கே இருந்தால் தேடத் தேவையில்லை என்றார்கள். வருபவர்களுக்கு நான் மோரோ தேநீரோ கொடுப்பது வழக்கம். கணவர் காலமான பின் என் படலையைத் திறந்து வருபவர்கள் குறைவு. இதை ஒரு தகவலாக மட்டுமே குறிப்பிடுகிறேன்.

6. வருபவர் இன்னார் என்பதை நான் உறுதிசெய்த முறையைத் தாங்கள் அறிவது அவசியம். எந்த ஊர் என்று கேட்பேன். யாருடைய பிள்ளை என்று கேட்பேன். தகப்பனைத் தெரியாவிட்டால் தாயின் ஊரைக் கேட்பேன். இரண்டு மூன்று கேள்விகளுக்குள் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அது போய் முடியும். முடிந்ததும் அட்டையைக் கொடுப்பேன். காவலாளி ஜமால்தீனும் அவ்வாறே செய்கிறார். திரு. ஜெயந்தனும் அவ்வாறே செய்கிறார். இது கவனயீனம் என்று நினைக்கவேண்டாம். நாங்கள் மிகக் கவனமாகவே கேட்டோம். எவரிடமும் கேட்காத ஒன்றே ஒன்று அடையாள அட்டை.

7. ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. மையத்தின் விதிமுறைகள் வாசற் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகின்றன. வருகை தரும் ஒவ்வொருவரினதும் தேசிய அடையாள அட்டையைப் பரிசோதிக்கவேண்டும் என்பது அதன் முதலாவது விதி. ஏன் அதைச் செய்வதில்லை என்று ஜமால்தீனிடம் வினவினேன். அவருடைய பதில்:

"அம்மா, இந்த றோட்டில நின்டு சனத்துக்கிட்ட ஐசி கேக்க என்ட வாய் வருகுதில்ல. எங்கட வாப்பாவ இதே ஓமந்தையில வெயிலுக்க நிக்க வச்சுத்தான் கேட்டாங்க. இப்ப நானும் அதே இடத்தில யூனிபோமப் போட்டுக்கொண்டு நின்டு கேக்கிறதா?"

ஓமந்தையில் ஒரு காலத்தில் வீதியை மறித்து நின்ற சோதனைச்சாவடி பற்றித் தங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வடக்கே போகிறவர்களும் தெற்கே வருகிறவர்களும் பொதிகளை அவிழ்த்து, அட்டையை நீட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் என் கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத இம்மனுவில் இடமில்லை. அந்த அனுபவம் உள்ள ஊரில் ஒருவரிடம் அடையாள அட்டை கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகவே கருதப்படுகிறது. கேட்பவருக்கும் அது கூச்சம். விதியை எழுதியவர்கள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்த நாங்களோ எழுதியவர்களிடம் சொல்லவில்லை. சுவரில் விதி தொங்கியது; அதன் கீழே நாங்கள் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

8. நான் நேரில் கண்ட ஏனைய குறைபாடுகளையும் இங்கே சேர்க்கிறேன்.

வாசற் கதவைப் பார்த்தவாறு பொருத்தப்பட்ட கமரா இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தைப் பார்க்கிறது. அங்கே ஹெல்மெட் இரண்டு களவுபோனதன் பின்னர் அது திருப்பப்பட்டது. அதன் பிறகு ஹெல்மெட் எதுவும் களவுபோகவில்லை என்பதை நேர்மையாகக் குறிப்பிடவேண்டும்.

மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி இயங்கத் தாமதமாகும் வேளைகளில் உள்ளே வெக்கை ஏறிவிடும் என்று கதவை விரியத் திறந்து, சீமெந்துக் கல் ஒன்றை முட்டுக்கொடுத்து வைக்கிறார்கள். மின்சாரம் வந்த பிறகும் அந்தக் கல் சில வேளைகளில் நகர்வதில்லை. ஒருமுறை குரங்கு ஒன்று உள்ளே போய், அலுமாரி மேல் ஏறி, வெளியே வர மறுத்து, ஊர்ச் சனம் கூடி வாழைப்பழம் காட்டி இறக்கவேண்டியதாயிற்று. ஊர்ச் சனம் கூடியது மண்டபத்துக்கு உள்ளே.

அலுமாரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு. வாங்கும்போது அப்படியே வந்தனவாம். அத்திறப்பு முதலாவது அலுமாரியின் மேல் வைக்கப்பட்டிருக்கும். அலுமாரிகளில் ஒட்டியிருந்த நிறுவனப் பெயர்ச்சீட்டுகள் பல ஈரக் குளிரில் கழன்று விழுந்துவிட்டன. யதுர்ஷிகா அவற்றை மீண்டும் ஒட்டுவதற்கு நல்ல பசை கேட்டு எழுதியதாகவும், பதில் வரவில்லை என்றும் கூறினார். இது கேட்டது, கண்டதல்ல. ஆனால் சீட்டில்லாத அலுமாரிகளை, குரங்கு உள்ளே போன அன்று, நானே கண்டேன்.

9. இனி அன்று நடந்தது. யதுர்ஷிகா தகப்பனுடன் வவுனியாவுக்குப் போயிருந்தார். முற்பகலில் இளைஞர் ஒருவர் என் படலையடியில் நின்று கூப்பிட்டார். சுத்தமான உடை, தோளில் ஒரு பை. பாதணியைக் கழற்றிவிட்டே விறாந்தையில் ஏறினார். எங்கள் உரையாடலை, நான் கூறியதையும் மறைக்காமல், தருகிறேன்.

"அன்ரி, சென்ரருக்கு வந்தனான். யதுர்ஷிகா அக்கா இல்லையாம். காட் உங்களிட்டை இருக்கெண்டு காவல் ஐயா சொன்னவர்."

"எவ்விடம் தம்பி?"

"மல்லாவி, அன்ரி."

"மல்லாவியிலை ஆற்றை பிள்ளை?"

"நேசமலர் ரீச்சற்றை பேரன். கிருசாந்தன்."

"அட, நேசத்தின்ரை பேரனோ! அந்த மூக்கைப் பாத்த உடனை நினைச்சனான். இரும், மோர் குடிச்சிட்டுப் போம்."

நேசமலர் என்னுடன் கன்னியர் மட விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். எங்கள் நட்பு இரு குடும்பங்களிலும் எத்தனையோ இடப்பெயர்வுகளுக்குப் பின்னரும் நீடித்தது. அந்த இளைஞர் மோரைக் குடித்தார். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மதியத்துக்கு முன்னர் திரும்பி வந்து அட்டையைத் தந்து, "அம்மம்மாவைக் கேட்டதாச் சொல்லுறன் அன்ரி" என்று கூறிவிட்டுச் சென்றார். அட்டையை மீண்டும் ஆணியில் தொங்கவிட்டேன். அவர் உள்ளே எதற்குப் போனார் என்பதை நான் கேட்கவில்லை.

10. சில நாட்களின் பின்னர் மருத்துவ நிலையத்தின் வன்தட்டு இல்லாதமை கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளர் விபரம் வெளியே போவது என்றால் இங்கே என்ன என்று தங்களுக்குத் தெரியும். யாருக்கு என்ன நோய் வருத்தம் என்ற கதை ஒரு வீட்டின் கலியாணப் பேச்சையே நிறுத்திவிடும். ஆகவே விசாரணை நடத்தியது சரியே. விசாரணை நடந்த விதத்தையே நான் ஆட்சேபிக்கிறேன். கதவு இயந்திரத்தின் பதிவைப் பார்த்தார்கள். யதுர்ஷிகாவின் அட்டை. கமராவைப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள்கள். "வெளியார் எவரும் உட்பிரவேசிக்கவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள். வாசலில் நிற்கும் ஜமால்தீனிடமோ அடுத்த வளவில் இருந்த என்னிடமோ ஒருவரும் கேட்கவில்லை.

11. யதுர்ஷிகா அன்று வவுனியாவில் இருந்தமைக்குத் தகப்பனாரின் சிகிச்சைத் துண்டுச்சீட்டே சாட்சி. அதை அவர் விசாரணையில் காட்டவில்லை. ஏன் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. இடைநிறுத்தப்பட்டு மறுநாள் என்னிடம் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் படலையடியிலேயே நின்று கூறியது:

"அன்ரி, ஆரும் வந்து கேட்டா உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுங்கோ. காட் உங்களிட்டை இருந்ததெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா உங்களையும் பொலிசுக்குக் கூப்பிடுவினம். இந்த வயசிலை நீங்கள் அந்தப் பொலிஸ் வாங்கிலை போய்க் குந்தி இருக்கக் கூடாது."

"அப்ப நீர்?" என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கொள்ளுவன்" என்றார்.

ஐயா, என் பெயர் ஒரு பொலிஸ் நிலையத்தின் புத்தகத்தில் ஏறாமல் இருப்பதற்காக இந்தப் பெண் கள்ளி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அவர் செய்தது மரியாதை என்று அவர் நினைக்கிறார். நான் அந்த மரியாதையைக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் அனுமதித்திருக்கவும் மாட்டேன். தகப்பனாரின் சிகிச்சைக்கு இப்போதும் அவரே கூட்டிச் செல்கிறார். பஸ்ஸில் இருக்கும் சனம் என்ன கதைக்கிறது என்பதை ஜமால்தீன் எனக்குச் சொன்னார். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

12. திரு. ஜெயந்தனை அழைத்து, அட்டை என் வீட்டில் இருந்ததை அவர் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று வினவினேன். அவர் மழுப்பவில்லை. உண்மையாகவே வியப்படைந்தவர்போல் காணப்பட்டார்.

"வெளியாள் வரேல்லை எண்டுதானே சொன்னனான், அன்ரி. நீங்கள் வெளியாளோ? நீங்கள் எங்கடை ஆள்."

அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் மையத்தின் விதிப்படி நான் வெளியாள். எனக்கு நியமனக் கடிதம் இல்லை. சம்பளப் பட்டியலில் என் பெயர் இல்லை. குளிரூட்டி திருத்துபவரைவிடவும் எண்ணெய் கொண்டுவருபவரைவிடவும் நான் வெளியாள். இதைப் பதிவுசெய்யும்படி வேண்டுகிறேன். எங்கள் ஆள் என்று என்னை அழைத்தது அன்பினால். அந்த அன்பின் விலையைச் செலுத்துவது யதுர்ஷிகா.

13. அதன் பின்னர் மல்லாவிக்குத் தொலைபேசி எடுத்து நேசமலரிடம் விசாரித்தேன். அவருடைய பேரன் கிருசாந்தன் மையத்தில் அலுமாரி எடுத்திருக்கும் ஒரு வியாபார நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்பதை அப்போதே அறிந்தேன். தமது நிறுவனத்தின் பழுதான வன்தட்டைக் கழற்றிவர அனுப்பப்பட்டாராம். கழற்றிவந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டாராம். எந்த அலுமாரியில் கழற்றினார் என்று கேட்டுச் சொல்லும்படியும், தங்களுக்கு இதை எழுதவேண்டியுள்ளது என்றும் கூறினேன். நேசமலரின் குரல் மாறிவிட்டது.

"அருந்ததி, நீ அவனை ஆரெண்டு கேட்டாய். அவன் உண்மையைச் சொன்னான். ஏன் வந்தனீ எண்டு கேட்டனியோ? கேக்காதது உன்ரை பிழை. அதுக்கு அவன்ரை பேரை ஏன் எழுதப்போறாய்?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நான் யார் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஆனால் அவருடைய பேரனின் பெயரை எழுதாமல் விட்டால் யதுர்ஷிகாவின் பெயர் மட்டுமே எஞ்சும். இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே இம்மனுவை எழுதத் தொடங்கினேன். நேசமலர் ஞாயிறுகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பது வழக்கம். இப்போது எடுப்பதில்லை.

14. கிருசாந்தன் மீது நான் களவுக் குற்றம் சுமத்தவில்லை என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுகிறேன். சீட்டுக் கழன்ற அலுமாரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு, உடன் நிற்க ஆள் இல்லை: இந்த நிலையில் எவரும் தவறான அலுமாரியைத் திறக்கலாம். தவறியா, தெரிந்தா என்பதைத் தீர்மானிப்பது என் வேலை அன்று. அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கும் தட்டை எடுத்து, அது யாருடையது என்று பார்ப்பது தங்களுக்குக் கடினமாக இராது. இதுவரை எவரும் பார்க்கவில்லை.

15. இம்மனுவை எழுதிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றையும் சேர்க்கவேண்டியுள்ளது. யதுர்ஷிகாவின் இடத்துக்குச் செல்வி சாரங்கா என்பவரை நியமித்துள்ளார்கள். அவருக்குப் புதிய அட்டை வழங்கப்பட்டது. அதைக் கொண்டுவந்து ஜமால்தீன் என்னிடம் நீட்டினார்.

"புதுசு அம்மா. முந்தி மாதிரி ஆணியில போட்டு வையுங்க. நீங்க வச்சிருந்தா அரசாங்கம் வச்சிருந்த மாதிரி."

ஒரு பெண்ணின் வேலை போனதன் பின்னரும் மாறியது அட்டையிலுள்ள பெயர் மாத்திரமே. நான் அதை மறுக்க நினைத்தேன். மறுத்தால் அது வேறொரு வீட்டு ஆணிக்குப் போகும் என்பதால் வாங்கிக்கொண்டேன். அதை உறையிலிட்டு, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையொப்பமிட்டு, இம்மனுவுடன் தங்கள் அலுவலகத்தில் நேரில் கையளிக்கிறேன். பெற்றுக்கொள்ளும் உத்தியோகத்தர் முதலில் தமது அடையாள அட்டையை எனக்குக் காட்டவேண்டும். அவருடைய ஊரை நான் கேட்கப்போவதில்லை.

மறுநாள் செல்வி சாரங்காவே அட்டையைக் கேட்டு வந்தார். அவரிடம் அடையாள அட்டை கேட்டேன். எனது வாழ்நாளில் ஒருவரிடம் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எழும்பி நின்று, கைப்பையைத் திறந்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். எவரும் எழும்பச் சொல்லவில்லை. அவருடைய வயதுக்கு அவர் அந்தச் சாவடியைக் குழந்தைப் பருவத்தில் மட்டுமே கண்டிருப்பார், அப்படியிருந்தும் எழும்பினார். நான் அவரை இருக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டு, பெயரையும் இலக்கத்தையும் வாசித்து, அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, நுழைவு அட்டையை ஆணையாளரிடம் கொடுக்கப்போகிறேன் என்றும் அதற்கான காரணத்தையும் விளக்கினேன். தேநீர் குடித்துவிட்டே சென்றார். ஆகவே இது செய்யமுடியாத காரியம் அன்று.

16. மேற்கூறிய காரணங்களினால் தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) விசாரணையை மீளத் திறந்து, என்னைச் சாட்சியாக, வெளியாள் என்ற வகையில், பதிவுசெய்தல். இதனால் எனக்கு நேரக்கூடிய எதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பொலிஸ் நிலையத்து வாங்கிலும் இருப்பேன்.

(ஆ) செல்வி யதுர்ஷிகாவின் இடைநிறுத்தத்தை நீக்கி, பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டை வாபஸ் பெறுதல். அவர் கடமை நேரத்தில் வெளியே சென்றது தவறெனில், அதைத் தவறென்றே எழுதுங்கள். களவு என்று எழுதவேண்டாம்.

(இ) கிருசாந்தன் கழற்றிச் சென்ற தட்டைப் பரிசோதித்தல். அவரை அழைப்பதாயின் பொலிஸ் வாகனத்தில் அல்லாமல் கடிதம் மூலம் அழைத்தல்.

(ஈ) கமராவைக் கதவுப் பக்கம் திருப்புதல். ஹெல்மெட்டுகளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தல். ஒவ்வோர் அலுமாரிக்கும் தனித் திறப்பு வழங்குதல்.

(உ) வாசலில் அடையாள அட்டை கேட்கும் விதியை நீக்காமல், கேட்கும் விதத்தை மாற்றுதல். வாசலில் ஒரு கூரையும் கதிரையும் போடுங்கள். வருபவர் முதலில் அமரட்டும். வீதியில் நிற்கவைத்துக் கேட்கவேண்டாம். வாசித்த பின் மேசையில் போடாமல் கையில் கொடுக்கவேண்டும். எல்லோரிடமும் கேட்கவேண்டும், திரு. ஜெயந்தனிடமும், தாங்கள் வந்தால் தங்களிடமும். எல்லோரிடமும் கேட்டால் அது எவரையும் சந்தேகிப்பதாகாது. ஜமால்தீனுக்கு அந்தச் சீருடையை மாற்றி வேறு நிறத்தில் கொடுத்தால் அவருக்குக் கேட்க வாய் வரும் என்று நினைக்கிறேன்.

17. விசாரணைக்கு அழைக்கப்படும் நாளில் நான் தவறாது சமுகமளிப்பேன். எனது வயதைக் கருதி எனக்குக் கதிரை தருவீர்கள் என்பதை அறிவேன். சென்ற விசாரணையில் செல்வி யதுர்ஷிகாவை நிற்கவைத்தே கேள்வி கேட்டதாக அறிகிறேன். இம்முறை முதலில் அவருக்குக் கதிரை போடும்படியும், அவர் அமர்ந்த பின்னரே என்னை உள்ளே அழைக்கும்படியும் மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
திருமதி அருந்ததி குலவீரசிங்கம்

இடம்: ஓமந்தை
திகதி: 11.08.2025

இணைப்பு: செல்வி சாரங்காவின் பெயரில் வழங்கப்பட்ட நுழைவு அட்டை, ஒட்டிய உறையில் — ஒன்று.

பிரதி: செல்வி யதுர்ஷிகா ஏரம்பு — அவருடைய அனுமதி பெறப்படவில்லை, அறிதலுக்காக மட்டும்.